மதில் கட்டப் போய்ப் படலை கட்டிய கதை

கல் வந்து இறங்கிய அன்றுதான் கடிதமும் வந்தது. லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் இருந்து சீமெந்துக் கல் இறங்கிக்கொண்டிருக்க, நடுவால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த பிரதேச சபை ஊழியர் கடிதத்தை நீட்டினார். கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அவசரப்பட்டுட்டீங்கள் அண்ணை” என்று சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கடிதத்தில் மூன்று பந்தி. ஒன்று, அனுமதி பெறாமல் எல்லை மதில் கட்ட ஆயத்தம் நடப்பதாக அறிகிறோம், நிறுத்தவும். இரண்டு, ஒழுங்கைக்குள், அதாவது வீட்டு முன் சந்துக்குள், நீண்டிருக்கும் கொப்புகளை 14 நாளுக்குள் வெட்டவும். மூன்று, துருப்பிடித்துக் கிழிந்த தகரம் போய்வருபவர்களுக்கு ஆபத்தாகவும் பார்வைக்கு அலங்கோலமாகவும் இருப்பதால் அகற்றவும். அதாவது, வேலியை எடு, மதிலைக் கட்டாதே. பிறகு நான் என்ன செய்வது என்பதற்கு நாலாவது பந்தி இல்லை.

வீடு யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இருக்கிறது. ஊரின் பெயர் வேண்டாம். சபையில் இருப்பவர்களின் முகத்தில் நாளைக்கும் விழிக்க வேண்டும்.

தகரம் அலங்கோலம் என்பதை நான் மறுக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி எல்லோரையும் போல நாங்களும் போரால் இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தோம். அதுவரைக்கும் எங்கள் வீட்டுக்குக் கிடுகு வேலிதான், முடைந்த தென்னோலையால் அடைத்தது. அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தால் கிடுகு உக்கிப்போய், வேலிக்கு நட்ட கதியால் தடிகள் மட்டும் வரிசையாகத் தளிர்த்து நின்றன. கிடுகு வாங்கக் காசில்லை, அடைக்க ஆளில்லை. அங்கங்கே பொறுக்கிய தகரத்தை அம்மாவும் நானும் கட்டுக்கம்பியால் கட்டினோம். ‘கொஞ்ச நாளைக்கு’ என்றுதான் கட்டினோம். அந்தக் கொஞ்ச நாள் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் போனது. கதியால்களையும் யாரும் ஒழுங்காக வெட்டவில்லை. பூவரசுகள் மரமாகிவிட்டன.

மறுநாள் சபைக்குப் போனேன். தொழில்நுட்ப உத்தியோகத்தர், நாங்கள் ரி.ஓ. என்று சொல்வோமே அவர், இளம் ஆள். பிளானை விரித்து வைத்துப் பொறுமையாகவே சொன்னார். எங்கள் ஒழுங்கை இப்போது பத்தடி. சபையின் கணக்கில் அது ஒரு நாள் இருபதடி ஆக வேண்டும். நடுக்கோட்டில் இருந்து இரண்டு பக்கமும் பத்துப் பத்தடி. ஆகவே எங்கள் வேலியில் இருந்து ஐந்தடி உள்ளே வருவதுதான் வீதிக்கோடு. அதற்கு முன்னால் நிரந்தரக் கட்டுமானம் எதற்கும் அனுமதி இல்லை. மதில் வேண்டுமென்றால் ஐந்தடி உள்ளே தள்ளிக் கட்டலாம்.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். முகப்பு அறுபதடி. அறுபதை ஐந்தால் பெருக்கினால் முந்நூறு சதுர அடி, கிட்டத்தட்ட இரண்டு குழி. பதினெட்டுக் குழி ஒரு பரப்பு என்ற கணக்கில் இது பெரிய நட்டமில்லைத்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் எல்லைக் கதியாலை அரை அடி தள்ளி நட்டதற்காக வழக்கு, கோடு, கச்சேரி என்று பதினைந்து வருடம் அலைந்த சகோதரர்களை நான் பார்த்திருக்கிறேன். அம்மாவிடம் இரண்டு குழி என்று சொன்னதும் அவர் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

இதற்குள் இன்னொரு சிக்கல். காணி அக்காவின் சீதனம். உறுதி அவள் பெயரில், அவள் ஸ்காபுறோவில். நல்ல காலம், முன்பொருமுறை ரொறன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத்தூதரகத்துக்குப் போய் என் பெயருக்கு அற்றோர்னித் தத்துவம், அதாவது அவளுக்காக நான் கையெழுத்துப் போடும் அதிகாரம், எழுதி அனுப்பி, அதை இங்கே பதிந்தும் வைத்திருந்தோம். அது இல்லையென்றால் இந்தக் கதை இன்னும் முதல் பந்தியிலேயே நின்றிருக்கும். வெளிநாட்டில் இருப்பவர் பெயரில் உள்ள வீட்டைப் பார்த்துக்கொள்பவர்கள், கடிதம் வரும் வரைக்கும் காத்திராமல் அதை முதலில் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா போனில் சிரித்தாள். “இஞ்ச புல்லு இருபது சென்ரிமீற்றருக்கு மேல வளந்தாலே சிற்றி கடிதம் போடும். உங்களுக்கு இப்பதான் தொடங்குது” என்றாள். லண்டனில் இருக்கும் சித்தப்பா மகன் இன்னும் ஒரு படி மேலே போனான். ஒக்ஸ்போர்டில் ஹெடிங்டன் என்ற இடத்தில் ஒருவர் 1986இல் தன் வீட்டுக் கூரையில் 25 அடி நீளமான பைபர் கிளாஸ் சுறா ஒன்றை, தலை கூரைக்குள், வால் வானத்தில் என்று குத்திவைத்தாராம். நகர சபை எடுக்கச் சொன்னது. வழக்கு மத்திய அரசு வரைக்கும் போய் 1992இல் இருக்கட்டும் என்று முடிவானது. 2022இல் அதே நகர சபை அந்தச் சுறாவைப் பாதுகாக்க வேண்டிய மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அப்போது வீட்டுக்காரர் குடும்பம் வேண்டாம் என்றதாம், சபையை எதிர்த்து வைத்ததைச் சபை பாதுகாப்பதா என்று. “நீயும் ஒரு சுறாவை வை மச்சான்” என்றான். எங்கள் ஒழுங்கையில் சுறாவுக்கு வேறு வேலை இருக்கிறது. சொதியும் வறையும் வைப்போம்.

சிரித்து முடித்த பிறகு ரி.ஓ. சொன்னதை நாலைந்து தரம் மனதில் ஓட்டிப் பார்த்தேன். ‘நிரந்தரக் கட்டுமானம்’ என்ற இரண்டு சொல்லில் மனம் நின்றது. திரும்பவும் சபைக்குப் போய் ரி.ஓ.விடம் கேட்டேன்.

“அப்ப நிரந்தரமில்லாதது?”

“வேலியோ? வேலியெண்டா பிரச்சினையில்லை அண்ணை. றோட்டு அகட்டேக்க பிடுங்கிப்போட்டுப் போகலாம்தானே.”

அத்தோடு மதில் ஆசை முடிந்தது. இறக்கிய கல்லைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் துவைக்கிற கல்லைச் சுற்றிக் கட்டினோம். இப்போது ஊரிலேயே மிகவும் பலமான கிணற்றடி எங்களுடையதுதான்.

வேலி என்று முடிவானதும் அம்மா சங்கடப் படலை கேட்டார். அவருடைய அம்மம்மா வீட்டில் இருந்ததாம். தெருப் படலைக்கு, அதாவது வாசல் கதவுக்கு, மேலே சின்னக் கூரை, இரண்டு பக்கமும் இருக்கக் குந்து, ஓரத்தில் தண்ணீர்ப் பானை. வெயிலிலும் மழையிலும் நடந்து வருபவர்கள் நின்று போவதற்கு. ரி.ஓ. இதற்கு மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். நாலு தூண் நட்டுக் கூரை போட்டால் அது கட்டடக் கணக்கில் வருமாம், கூரை ஓடாக இருந்தாலும் ஓலையாக இருந்தாலும்.

வழி சொன்னது வேலி அடைக்க வந்த ஐயா. எழுபது தாண்டியவர். இந்த வேலை தெரிந்த ஆட்களில் எங்கள் பக்கத்தில் மிஞ்சியிருப்பவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். படலையடியில் நின்று வெற்றிலையைச் சப்பிக்கொண்டு மேலே பார்த்தார். அந்த இடத்தில் வேலி உள்வாங்கி வளைவதால் முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டாக நாலு பூவரசு நின்றன.

“தூணுக்குத்தானே தம்பி அனுமதி. மரத்துக்கு ஆர் கேக்கிறது?”

அன்றிரவே கடிதம் எழுதினேன். ஒளித்து மறைத்து எதுவும் இல்லை. இன்ன இடத்தில் ஏற்கனவே நிற்கும் நாலு உயிர்மரங்களின் கவர்களில், அதாவது கொப்புப் பிரியும் இடங்களில், கிடுகால் வேய்ந்த கூரை ஒன்றைக் கயிற்றால் கட்டப்போகிறேன். ஆணி, சீமெந்து, கம்பி இல்லை. நிலத்தில் எதுவும் புதைக்கப்படாது. வீதி அகட்டும்போது என் செலவில் அகற்றுவேன், நட்டஈடு கேட்க மாட்டேன். கூடவே கையால் கீறிய படம். இரண்டு பிரதி கொண்டுபோனேன். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் கிடைத்ததற்கான திகதி முத்திரை அடித்து வாங்கினேன். வாயால் பேசினது அடுத்த ரி.ஓ. மாற்றலாகி வந்ததும் காற்றில் போய்விடும். நிற்பது அந்த ஊதா முத்திரைதான்.

ரி.ஓ. கடிதத்தை வாசித்து, மேசையில் குனிந்து சிரித்தார். பிறகு உள்ளே கொண்டுபோய்ச் செயலாளரிடம் காட்டினார். உள்ளேயும் சிரிப்புக் கேட்டது. ஒரு கிழமையில் நேரில் வந்தார். மரத்தைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார், நாடா பிடித்தார். ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னார். கூரையின் தாழ்வாரம் ஒழுங்கைப் பக்கம் ஒன்றரை அடி நீள்கிறது, வாகனத்தில் முட்டும், அதை உள்ளே இழுக்க வேண்டும். நியாயமான பேச்சு. இழுத்தோம்.

வேலி அடைப்பு இரண்டு நாள். கடிதத்தின் இரண்டாவது பந்தி சொன்னபடி கொப்புகளை வெட்டினோம். வெட்டிய பூவரசம் போத்துகளையும் பின்வளவில் நின்ற கிளுவையையும் இடைவெளிகளில் கதியாலாக நட்டோம். ஐப்பசி மழை விழுந்ததும் துளிர்த்துவிட்டன. தகரத்தை மூன்றாவது பந்தி கொண்டுபோனது. கிடுகை வைத்து, குறுக்கே வரிச்சுத் தடி பிடித்து, குத்தூசியால் கட்ட வேண்டும். குத்தூசி பார்க்காதவர்களுக்கு: மரத்தில் செய்த பெரிய ஊசி, காதில் கயிறு கோத்திருக்கும். உள்ளே நிற்பவர் குத்த, வெளியே நிற்பவர் கயிற்றை வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ஐயா உள்ளே, நான் ஒழுங்கையில். கண்ணுக்கு நேரே ஊசி வரும் என்ற பயத்தில் நான் விலகி விலகி நிற்க, “தம்பி, நிக்கிறீரோ போட்டீரோ” என்று உள்ளே இருந்து சத்தம் வரும். போகிற வருகிற சைக்கிள்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தன. பக்கத்து வீட்டு மாமி வந்து தங்களுக்கும் எங்களுக்கும் இடையில் உள்ள வேலியில் பொட்டு, அதாவது ஆள் நுழைகிற துவாரம், விடச் சொன்னார். அந்தப் பக்கத்தில் எங்களுக்கு வேலையே இல்லை. ஆனாலும் விட்டோம்.

கூரை அவ்வளவு இலேசில் அமையவில்லை. முதல் தரம் கூரைச் சலாகையை மரத்தோடு இறுக்கிக் கட்டினோம். அடுத்த வருடம் சோளகக் காற்றுத் தொடங்கியதும் நாலு மரமும் நாலு பக்கம் ஆட, கூரை நடுவால் பிளந்து, ஒரு பாதி மாமி வீட்டு வாழைக்குள் கிடந்தது. உயிர்மரத்தைத் தூணாக்கினால் தூண் ஆடும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஐயா யோசித்திருக்க வேண்டும். கேட்டால், “நான் வேலிக்காரன், கூரைக்காரனில்லை” என்று விட்டார். இரண்டாம் தரம் கவரில் சும்மா வைத்து, தும்புக் கயிற்றைத் தொய்வாக விட்டுக் கட்டினோம். இப்போது காற்றுக்குத் தொட்டில் மாதிரி அசைகிறது, விழவில்லை. மரம் பருப்பதால் வருடத்துக்கு ஒருமுறை கயிற்றை அவிழ்த்துக் கட்ட வேண்டும். இல்லையென்றால் பட்டையை அறுத்துவிடும்.

பானையால் இன்னொரு வில்லங்கம். பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், டெங்குப் பரிசோதனைக்கு வந்தார். திறந்த பானைத் தண்ணீரைக் கண்டதும் 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தை எடுத்துவிட்டார். முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும் என்றார். பிழை எங்களுடையதுதான். அம்மா பானையில் தண்ணீர் விடுவாரே தவிர, ஊற்றிக் கழுவியதில்லை. பானைக்கு அடியில் துளை போட்டுப் பைப் பூட்டி, வாயில் வெள்ளைத் துணி கட்டி மூடியும் வைத்தோம். வெள்ளிக்கிழமை தோறும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுகிறோம். அடுத்த தடவை வந்த பி.எச்.ஐ. டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அதே பைப்பில் ஒரு மிடறு குடித்துவிட்டுத்தான் போனார்.

இப்போது ஒழுங்கையில் மூன்று பேர் என் கடிதத்தைப் போட்டோகொப்பி எடுத்துப் போயிருக்கிறார்கள். அதில் ஒருவர் திகதியையும் பெயரையும் மட்டும் மாற்றி, ‘நாலு உயிர்மரங்களின் கவர்களில்’ என்பதை அப்படியே விட்டுச் சபையில் கொடுத்துவிட்டார். ரி.ஓ. நேரில் போய்ப் பார்த்தால் அவர் வாசலில் நின்றது நாலு முருங்கை.

“அண்ணை, முருங்கை பருத்தாலும் தூணாகாது எண்டு படிச்சதில்லையோ” என்று கேட்டாராம்.

அந்த முருங்கைக்காரர் போன கிழமை வந்து எங்கள் வேலியில் நாலு பூவரசம் போத்து வெட்டிக்கொண்டு போனார். மாரிக்கு நடப்போகிறாராம்.