நாலாம் விரலோடு ஆறு கிழமை

போன சனிக்கிழமை பியானோ வகுப்பில் எஃப் மேஜர் ஸ்கேலை (எஃப் என்ற கட்டையில் தொடங்கும் எட்டு ஸ்வர வரிசையை) வலக்கையால் பிழையில்லாமல் ஏறிவிட்டேன். ஆறு கிழமை பிடித்தது. இறங்கும்போது இன்னும் விழுகிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

சீ மேஜரை மூன்று மாதம் போட்டுத் தேய்த்ததுதான் வினை. பெருவிரல் 1, சுண்டுவிரல் 5 என்று எண்ணினால், 1-2-3, பெருவிரல் அடியால் நுழைந்து மறுபடி 1-2-3-4-5. கை அதற்கு நன்றாகப் பழகிவிட்டது. எஃப் மேஜரில் பெருவிரல் இன்னும் ஒரு கட்டை பொறுத்திருக்க வேண்டும்: 1-2-3-4, அப்புறம்தான் அதன் முறை. காரணம் நியாயமானதே. நாலாவது ஸ்வரம் பி ஃப்ளாட், கறுப்புக்கட்டை. குட்டைப் பெருவிரலை அந்த மேட்டில் ஏற்றினால் கை முழுவதும் உள்ளே இழுபடும். எல்லாம் விளங்குகிறது. ஆனால் மூன்றாம் விரல் அமுக்கியதும் என் பெருவிரல், நாலு மணி அடித்ததும் பையைத் தூக்கும் கிளாக்கர் மாதிரிக் கிளம்பிவிடுகிறது. (நானும் கிளாக்கராக இருந்துதான் பென்சன் எடுத்தேன், சொல்லலாம்.)

வகுப்பில் ஆறு பேர், எல்லோருக்கும் ஹெட்போன். என் பிழை எனக்கு மட்டும்தான் கேட்கும் என்று முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, மிஸ் தன் மேசையிலிருந்தே யாருடையதையும் கேட்கலாம். திடீரென்று காதுக்குள் "அன்ரி, தம்ப்!" என்று குரல் வரும், திடுக்கிட்டுப் போவேன். அவர் சொல்லும் வழி இது: இரண்டாம் விரல் அமுக்கும்போதே பெருவிரல் உள்ளங்கைக்கு அடியில் நகரத் தொடங்க வேண்டும், முழங்கை வெளியே எகிறக் கூடாது. புறங்கையில் காசு வைத்துப் பழகும் பழைய முறையையும் வீட்டில் பார்த்தேன். பத்து ரூபாய்க் குத்தி மூன்று தரம் கீழே உருண்டது, நாலாம் தரம் அலுமாரிக்கு அடியில் போனது. இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் மகன் ஒருவர் 1753இல் எழுதியிருக்கிறாராம்: தன் தகப்பன் இளவயதில் கேட்ட பெரிய வித்துவான்கள் பெருவிரலை அகலமாக எட்ட வேண்டிய இடத்தில் மட்டுமே தொட்டார்களாம். அந்தக் காலத்தில் பிறந்திருக்கலாம்.

வழி திறந்தது 100ஆம் நம்பர் பஸ்ஸில். கொழும்பு பம்பலப்பிட்டியில் ஏறி, நின்றுகொண்டே வெள்ளவத்தைக்கு வரும்போது விரலைக் கம்பியில் தட்டிக்கொண்டு வாய்க்குள் முணுமுணுத்தேன். சின்ன வயதில் நாலு வருஷம் வாய்ப்பாட்டுப் பழகியவள். மேஜர் ஸ்கேல் என்றால் நமக்குச் சங்கராபரண ராகம், எஃப் என்றால் நாலு கட்டைச் சுருதி. ச ரி க ம, ப த நி ச. அட! 1-2-3-4, 1-2-3-4. பூர்வாங்கம் (முன்பாதி) ஒரு பிடி, உத்தராங்கம் (பின்பாதி) ஒரு பிடி. பெருவிரல் ச-விலும் ப-விலும் உட்காருகிறது, கறுப்புக்கட்டை வெறும் மத்திமம். சீ மேஜரில்தான் பெருவிரல் ம-வில் விழுந்து ராகத்தைக் கோணலாக வெட்டுகிறது. இத்தனை நாள் கோணலைப் பழகிவிட்டு நேரானதைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் வாசித்தேன், ஏறிவிட்டது.

இடக்கை இன்னும் வேடிக்கை. அதன் விரல் கணக்கு சீ மேஜரில் இருந்ததேதான், 5-4-3-2-1, பிறகு 3-2-1. இரண்டு கையையும் சேர்த்தால் இரு பெருவிரலும் ஒரே நேரத்தில் ப-வில் சந்திக்கின்றன. சீ மேஜரில் அப்படியொரு சந்திப்பு நடுவழியில் கிடையாது. இதை மிஸ்ஸிடம் சொன்னேன், சிரித்தார். பக்கத்தில் இருக்கும் ஐடி வேலைத் தம்பி மட்டும் "அது என்ன பூர்வாங்கம், அன்ரி?" என்று கேட்டான். அவன் இரண்டாம் கிழமையே இரு கையாலும் ஓடியவன், அவனுக்கு எதற்கு இதெல்லாம்?

இறக்கம்தான் தகராறு. ப-வில் பெருவிரல் நிற்க, நாலாம் விரல் அதற்கு மேலால் தாண்டி ம-வைப் பிடிக்க வேண்டும். என் கையில் மூன்றாம் விரல் முந்திக்கொள்கிறது. பிறகு விரல் போதாமல் அடி ச-வுக்கு வெறுங்கை. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வைத்தால் பத்துக்கு நாலு சரி, 72இல் ஒன்றுமில்லை. காலையில் பெருவிரல் அடிமூட்டு விறைத்திருப்பதால் பின்னேரம்தான் வாசிக்கிறேன். கடலோர ரயில் போகும்போது மெட்ரோனோம் கேட்காது, அது எனக்கு இடைவேளை.

வீட்டில் இருப்பது பேரன் விட்டுப்போன 61 கட்டைக் கீபோர்ட். கட்டைக்குப் பாரமே இல்லை. வழுக்கிப் போனாலும் சத்தம் வரும், பிழை தெரியாது. வகுப்பில் 88 கட்டை, பாரமானது, அங்கேதான் குட்டு வெளிப்படும். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு பழைய அப்ரைட் பியானோ விலைக்கு இருக்கிறதென்று போய்ப் பார்த்தேன். மூடியைத் திறந்தால் கம்பியெல்லாம் துரு, ஈரத்தில் ஊதிய ஐந்தாறு கட்டைகள் அமுக்கினால் எழும்பவில்லை. "ட்யூன் பண்ணினால் சரி" என்றார் விற்கிறவர். உப்புக் காற்றை யார் ட்யூன் பண்ணுவது? பாவித்த டிஜிட்டல் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்; சஸ்டெயின் பெடலும் ஸ்டாண்டும் சேர்த்துத் தந்தால்தான் எடுப்பேன்.

அடுத்தது பி ஃப்ளாட் மேஜராம். வலக்கை பெருவிரலில் தொடங்காமல் இரண்டாம் விரலில் தொடங்குமாம். அப்படியானால் என் ச ரி க ம கணக்கு அங்கே செல்லாது. மிஸ் தாளைத் தந்துவிட்டார், மடித்துப் பைக்குள் வைத்திருக்கிறேன். இறக்கம் 60இல் பத்துக்கு எட்டு வரும்வரை அதை விரிப்பதாக இல்லை.