மெக்கானிக்கல் பிராட்ஹெட்: விரியும் பிளேடும் வீணாகும் விசையும்

பறக்கும்போது மடங்கியிருந்து, பட்டதும் பிளேடு விரியும் வேட்டை அம்பு முனைதான் மெக்கானிக்கல் பிராட்ஹெட். காற்றில் பிளேடு வெளியே நிற்காததால், பயிற்சி முனை போலவே அம்பு நேராகப் போகும். நிலையான பிளேடு முனைகள் பெரும்பாலும் 1 முதல் 1¼ அங்குலம் வெட்டும். மெக்கானிக்கல் வகையில் 2 அங்குலம் சாதாரணம். ரத்தத் தடம் தெளிவாக விழும்.

ஆனால் பிளேடு விரியவும், அகலமான வெட்டைத் தள்ளவும் அம்பின் விசைதான் செலவாகிறது. இழுவிசை 45 பவுண்டு உள்ள வில்லில் 2 அங்குல முனையை மாட்டினால் அம்பு பாதியில் நின்றுவிடலாம். அம்பு வெளியேறும் மறுபக்கத் துளை கிடைக்காமல் போகலாம். இலகுவான வில்லுக்கு நிலையான பிளேடுதான் நல்லது என்பேன்.

அதிகம் கவனிக்கப்படாதது, பிளேடை மடங்கியபடி பிடித்திருக்கும் காலர் என்ற பட்டையும் ரப்பர் வளையமும். பழைய வளையத்தில் மயிரிழை போல வெடிப்பு ஓடியிருக்கும், விரலால் லேசாக இழுத்தாலே அறுந்துவிடும். அது தளர்ந்தால் அம்பு விடுபடும் வேகத்திலேயே ஒரு பிளேடு திறந்து, அம்பு திசைமாறும். அம்பறாத்தூணியின் ஃபோமும் பிளேடை இழுத்துத் திறந்துவிடும், எடுத்ததும் பாருங்கள். ஒவ்வொரு எய்தலுக்கும் புது வளையம் போடுங்கள்.

முன்பக்கம் திறக்கும் வகை சாய்கோணத்தில் பட்டால் ஒரு பிளேடு முதலில் மாட்டி, அம்பை விலக்கக்கூடும். பின்னால் நழுவி விரியும் வகையில் இது குறைவு. எதுவானாலும் தோள்பட்டை எலும்பைத் தவிர்த்து, விலங்கு பக்கவாட்டில் நிற்கும்வரை காத்திருங்கள்.

ஃபோம் இலக்கில் எய்த பிளேடு மழுங்கியிருக்கும். அதைத் தீட்டாமல், அல்லது மாற்றாமல், வேட்டைக்கு எடுக்கவே கூடாது.