ஹைப்பர், ஹைப்போ, அப்புறம் அம்மாவின் வெள்ளிக்கிழமை

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும், செந்தூல் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பட்டர்வொர்த்திலிருந்து தம்பி போன் அடித்தான். "அக்கா, அம்மாவுக்கு ஹைப்பராம். வேர்த்து ஊத்துது, கையெல்லாம் நடுங்குது. இனிப்பு எதுவும் கொடுக்கக்கூடாதுதானே?"

ஹைப்பர் என்று சொன்னது பக்கத்து வீட்டு அத்தை. அவருக்கு ரத்தக் கொதிப்பு, கிளினிக்கில் அடிக்கடி காதில் விழுந்த சொல் அது. ஆனால் அம்மாவுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), இன்சுலின் போடுகிறவர். மீட்டரில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டேன். மில்லிமோல் கணக்கில் 3.1.

"டேய், அது ஹைப்போடா! நாலுக்குக் கீழே போனாலே ஹைப்போதான். சீனியைத் தண்ணியில கரைச்சுக் கொடு, சீக்கிரம்!"

கொடுத்தான். கால் மணி நேரத்தில் 4.6. எனக்குத்தான் படபடப்பு அடங்க மதியமாகிவிட்டது.

இரண்டும் கிரேக்கத்திலிருந்து வந்தவை. ஹைப்பர் என்றால் மேலே, அளவுக்கு மிஞ்சி. ஹைப்போ என்றால் கீழே, அளவுக்குக் குறைந்து. தோலுக்கு அடியில் போடும் ஊசிக்கு ஆங்கிலத்தில் ஹைப்போடெர்மிக் என்று பெயர், டெர்மா என்றால் தோல். பள்ளியில் படித்த ஹைப்பாட்டனியூஸும் இந்த வகைதான், செங்கோணத்துக்கு அடியில் இழுத்துக் கட்டியது போல நிற்கும் பக்கம். இரண்டு சொற்களை ஒட்டவைக்கும் ஹைஃபன்கூட "ஒன்றின் கீழ்" என்ற கிரேக்கத் தொடர்தான், ஏனென்றால் அந்தக் காலத்தில் அதை எழுத்துகளுக்குக் கீழே வளைவாகப் போட்டார்கள். (இதைக் கண்டுபிடித்த அன்று தூக்கம் போச்சு.)

நம் வாயிலேயே இதன் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். சமஸ்கிருதத்தில் உபரி, உப. கிரேக்கத்தில் ஹைப்பர், ஹைப்போ. லத்தீனில் சூப்பர், சப். எல்லாம் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. தமிழ் அந்தக் குடும்பம் இல்லை, ஆனாலும் உபரி வருமானம், உபநதி என்று கடன் வாங்கி நன்றாகவே புழங்குகிறோம். அப்படிப் பார்த்தால் ஹைப்பர்மார்க்கெட்டும் சூப்பர்மார்க்கெட்டும் பெயரளவில் ஒன்றுதான், பார்க்கிங் மட்டும் பெரிசு.

மறுவாரம் ஊருக்குப் போனபோது அம்மாவின் சர்க்கரைக் கணக்கு நோட்டின் அட்டையில் மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதினேன்: ஹைப்பர் = உபரி, கூடிப்போச்சு. ஹைப்போ = உப, குறைஞ்சுபோச்சு. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"அப்போ உபவாசத்துல வர்ற உப?"

அதுவும் இதே உபதான், ஆனால் அங்கே 'அருகில்' என்று பொருள், சாமிக்குப் பக்கத்தில் இருப்பது என்றேன். சொல்லும்போதே சந்தேகம் வந்துவிட்டது.

"அம்மா, அன்னிக்கு வெள்ளிக்கிழமை. ஊசி போட்டுட்டு சாப்பிட்டீங்களா, விரதமா?"

அம்மா நோட்டை மூடிவிட்டு, தண்ணி கொதிக்குதா பார்க்கிறேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டார்.