‘சமாளிக்கிறம்’ என்று சொல்லாதீர்கள்

பார்க்கின்சன் நோய் உள்ள ஒருவருக்கு இங்கிலாந்தில் உரிமையாக இருக்கும் உதவிகளில் பெரும்பகுதி கேட்டால்தான் கிடைக்கிறது, அதுவும் எழுத்தில் கேட்டால்தான். இங்கே வந்து குடியேறிய எங்கள் குடும்பங்களுக்குப் பழகக் கடினமான விஷயம் இதுதான். குளிரும் ரயிலும் ஒரு வருசத்தில் பழகிவிடும். டொக்டர் ‘எப்படி இருக்கிறீங்கள்’ என்று கேட்டவுடன் ‘பரவாயில்லை’ என்று வாயில் வரும் பதில் மட்டும் முப்பது வருசம் ஆனாலும் மாறுவதில்லை.

நோயை இனங்காண்பதிலேயே தாமதம் தொடங்குகிறது. கை நடுங்கினால் ‘வயசு போனால் வாறதுதானே’ என்கிறோம். நடக்கும்போது ஒரு கை வீசாமல் நிற்பது, கையெழுத்து வரவரச் சிறுப்பது, குரல் தேய்வது, முகத்தில் சிரிப்பு ஏறாதது, சாப்பாட்டு மணம் தெரியாமல் போவது ஆகியவையும் அறிகுறிகள்தான். நடுக்கமே இல்லாமலும் இந்த நோய் வரும். சந்தேகம் வந்தால் ஜிபி, அதாவது குடும்ப டொக்டர், தானே மருந்து தொடங்காமல் விரைவாக நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்று சிகிச்சைத் தரங்களை வகுக்கும் நைஸ் நிறுவனத்தின் 2017 வழிகாட்டல் சொல்கிறது. அந்தச் சந்திப்புக்குப் போகும்போது ஊரிலிருந்து வந்த மருந்துப் பெட்டியையும் அப்படியே கொண்டுபோங்கள். தலைச்சுற்றுக்கென்று எங்கள் வீடுகளில் வருசக்கணக்காக விழுங்கப்படும் ஸ்டுஜெரோன், ஸ்டெமெட்டில் இரண்டுமே பார்க்கின்சன் போன்ற இறுக்கத்தையும் நடுக்கத்தையும் உண்டாக்கக்கூடியவை. நரம்புத் தளர்ச்சிக்கென்று எடுக்கும் பூனைக்காலிச் சூரணத்தில் பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான லெவோடோப்பாவே இருக்கிறது. டொக்டருக்குச் சொல்லாமல் அதை எடுத்தால், குளிசையின் அளவைச் சரியாகக் கணிக்க முடியாது.

மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள். அரச மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸில் அதற்குக் கட்டணம் இல்லை. மகனோ மருமகளோ மொழிபெயர்த்தால் மலச்சிக்கல், இரவில் படுக்கை நனைவது, இல்லாத உருவம் கண்ணுக்குத் தெரிவது போன்றவற்றைப் பெரியவர்கள் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். நிபுணர் மருந்தளவை மாற்றுவது இந்தத் தகவல்களை வைத்துத்தான். ஞாபகசக்திச் சோதனையை ஆங்கிலத்தில் வைத்துப் புள்ளி போட விடாதீர்கள். தமிழில் நடத்தும்படி கேளுங்கள்.

அடுத்தது ஆஸ்பத்திரி. எங்கள் பெரியவர்கள் அதிகம் பாதிக்கப்படுவது இங்கேதான். லெவோடோப்பாவின் வேலை சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதனால்தான் ஒருவருக்கு காலை 7, 10, மதியம் 1, மாலை 4, இரவு 7 என்று மணி குறித்துத் தருகிறார்கள். வார்டிலோ மருந்து வண்டி தன் வழக்கமான நேரத்துக்குத்தான் சுற்றும். ஒரு வேளை தவறினால் எழும்ப முடியாது, விழுங்க முடியாது, பேச்சு வராது. ஆங்கிலமும் தெரியாத ஒருவர் அந்த நிலையில் கிடந்தால் குழம்பிப்போயிருக்கிறார் என்று எண்ணிவிடுகிறார்கள். மருந்தைத் திடீரென்று அடியோடு நிறுத்தினால் கடும் காய்ச்சலும் தசை இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதற்காகவே பார்க்கின்சன்ஸ் யுகே அமைப்பு 2006 முதல் ‘மருந்தை நேரத்துக்குக் கொடு’ என்ற இயக்கத்தை நடத்திவருகிறது. ஆஸ்பத்திரியிலும் பராமரிப்பு இல்லத்திலும் குறித்த நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் லெவோடோப்பா கொடுபட வேண்டும் என்பது 2018 முதல் நைஸின் தர அளவுகோல்களில் ஒன்று. வார்டில் பேசும்போது ‘கொஞ்சம் கெதியாகத் தாங்கோ’ என்று கெஞ்சுவதை விட்டுவிட்டு, இந்த 30 நிமிடத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டு வாசலில் ஒரு பை எப்போதும் தயாராக இருக்கட்டும். மருந்துக்கடை லேபல் ஒட்டிய அசல் பெட்டிகள், சில நாளுக்குக் காணுமளவு. மருந்தின் பெயர், மில்லிகிராம், எடுக்கும் மணி எல்லாம் எழுதிய ஒரு தாள். ‘நாளுக்கு 5 தரம்’ என்று எழுதினால் அதை வார்டு தன் நேரத்துக்குப் பிரித்துக்கொள்ளும், ஆகவே மணியை எழுதுங்கள். ஊரில் வாங்கிய சிண்டோப்பா என்ற லெவோடோப்பாக் குளிசை என்றால் அட்டையையே காட்டுங்கள். அதில் இரண்டு மருந்துகள் சேர்ந்திருப்பதால், 110 என்பதும் 125 என்பதும் லெவோடோப்பா ஒரே 100 மில்லிகிராம் கொண்டவை. கூட இருக்கும் கார்பிடோப்பாதான் 10, 25 என்று வேறுபடுகிறது. அவசரப் பிரிவில் காலடி வைத்ததும் அடுத்த குளிசை எத்தனை மணிக்கு என்று நேர்ஸிடம் சொல்லுங்கள், வார்டுக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். சொந்த மருந்தைத் தானே எடுக்க அனுமதிக்கும் விதிமுறை அந்த ஆஸ்பத்திரியில் உண்டா என்றும் கேளுங்கள்.

சத்திரசிகிச்சைக்காக ‘வாயால் எதுவும் வேண்டாம்’ என்று பலகை தொங்கினாலும் பார்க்கின்சன் மருந்தை அப்படியே விட்டுவிடக் கூடாது. கரையும் குளிசையை மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கலாம், தோலில் ஒட்டும் ரோட்டிகோட்டின் பட்டையும் உண்டு. எதைத் தருவது என்பதைப் பார்க்கின்சன் குழு தீர்மானிக்கட்டும். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைட்டும் ஸ்டெமெட்டிலும், குழப்பத்துக்கு ஹலோபெரிடோலும் ஆகாது. அந்த மூன்று பெயரையும் தாளின் அடியில் சிவப்பு மையில் எழுதிவையுங்கள்.

வீட்டிலும் இதே கண்டிப்பு வேண்டும். மீன், பருப்பு, தயிர் எல்லாம் புரதம். அவற்றோடு சேர்த்து விழுங்கினால் லெவோடோப்பா உடலில் சேர்வது குறையும். சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக எடுப்பது நல்லது. இரும்புச்சத்துக் குளிசையை வேறு நேரத்துக்குத் தள்ளிவையுங்கள். கந்தசஷ்டி விரதம் பிடிப்பவர்கள் மருந்தை விரதத்தில் சேர்க்கக் கூடாது.

உதவித்தொகை விண்ணப்பத்தில்தான் ‘சமாளிக்கிறம்’ என்ற சொல் வந்து கெடுக்கிறது. நோயால் அன்றாட வேலைகளுக்குத் துணை தேவைப்படுபவர்களுக்கான தொகை, அரச ஓய்வூதிய வயதுக்குக் கீழே என்றால் பிஐபி, மேலே என்றால் அட்டென்டன்ஸ் அலவன்ஸ். ஸ்கொட்லாந்தில் இவற்றுக்கு வேறு பெயர்கள். இரண்டுக்குமே வருமானம் பார்ப்பதில்லை. பிஐபியில் 12 செயல்களுக்குப் புள்ளி போடுகிறார்கள். நாளாந்த வாழ்வுக்கு 10, நடமாட்டத்துக்கு 2. ஒரு பிரிவில் 8 புள்ளி சாதாரணத் தொகைக்கு, 12 புள்ளி கூடிய தொகைக்கு. ஒரு வேலையைச் செய்ய முடியும் என்று கணக்கெடுக்க, அதை ஆபத்தில்லாமல், சரியாக, தேவையானபோதெல்லாம் திரும்பத் திரும்ப, மற்றவர்கள் எடுப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நேரம் எடுக்காமல் செய்ய முடிய வேண்டும். சட்டைப் பொத்தான் போட 20 நிமிடம் எடுப்பவர் ‘சமாளிக்கிறன்’ என்று சொன்னால் ‘தனியாகச் செய்கிறார்’ என்றே பதிவாகும். இரண்டு வாரத்துக்கு ஒரு குறிப்பேடு வையுங்கள்: எத்தனை மணிக்குக் குளிசை, எப்போது கால் ஒட்டிக்கொண்டது, எப்போது விழுந்தார். மதிப்பீட்டாளர் பார்ப்பது மருந்து வேலை செய்கிற நேரத்தை மட்டுமாக இருக்கலாம். மற்ற நேரத்தைக் காட்ட அந்தக் குறிப்பேடுதான் இருக்கிறது. அட்டென்டன்ஸ் அலவன்ஸுக்கு இரவும் முக்கியம். படுக்கையில் புரட்டிவிடுவது, மலசலகூடத்துக்குக் கூட்டிப்போவது எல்லாவற்றையும் எத்தனை தரம் என்று எழுதுங்கள். மறுத்தால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், அதற்குப் பிறகு தீர்ப்பாயம்.

விசாவில் ‘பொது நிதி இல்லை’ என்று இருந்தால் இந்தத் தொகைகளைக் கேட்கக் கூடாது. தங்கியிருக்கும் பெற்றோர் என்று பிள்ளைகள் பொறுப்பெழுதிக் கூப்பிட்டிருந்தால் விதி வேறு, விண்ணப்பிக்கும் முன் ஆலோசனை கேளுங்கள். ஆனால் என்எச்எஸ் சிகிச்சை ‘பொது நிதி’ப் பட்டியலில் இல்லை. விசிட் விசாவில் வந்த அம்மாவையும் ஜிபியில் பதியலாம், பார்க்கவும் காசில்லை. ஆஸ்பத்திரி நிபுணருக்குத்தான் கட்டணம், அது வழமையான விலையின் 150 வீதம்.

வீட்டுப் பராமரிப்புக்குக் கவுன்சிலிடம் போக வேண்டும். 2014 பராமரிப்புச் சட்டப்படி, தேவை இருப்பதாகத் தோன்றினாலே மதிப்பீடு செய்வது கவுன்சிலின் கடமை. கையில் எவ்வளவு காசிருக்கிறது என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. தொலைபேசியில் ‘சேமிப்பு இருந்தால் நாங்கள் வரமாட்டோம்’ என்று சொன்னால், மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். பராமரிக்கும் மருமகளுக்கோ மனைவிக்கோ தனியான மதிப்பீடு உண்டு. எங்கள் வீடுகளில் அதைக் கேட்க யாரும் நினைப்பதில்லை, இரவில் நாலு தரம் எழும்புகிற அவரும் மனிதர்தான்.

இவ்வளவும் ஒரு வீட்டின் கேள்விகள். இதையே ஊருக்காகவும் கேட்கலாம். முதல் கருவி தகவலறியும் சட்டம். இங்கே யாரும், எந்த நாட்டுக் குடியுரிமையோடும், பொது நிறுவனத்திடம் எழுத்தில் கேட்கலாம். 20 வேலை நாளுக்குள் பதில் வர வேண்டும். உங்கள் ஆஸ்பத்திரியை நடத்தும் டிரஸ்டுக்கு இப்படி எழுதலாம்: கடந்த 12 மாதத்தில் லெவோடோப்பா வேளைகளில் எத்தனை வீதம் 30 நிமிடத்துக்குள் கொடுபட்டன? பார்க்கின்சன் நேர்ஸ் பதவிகள் எத்தனை, அவற்றில் எத்தனை காலி? தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டு எத்தனை தரம் கிடைக்கவில்லை? கேள்வியை அகலமாக்காதீர்கள். தேடி எடுக்க 18 மணி நேரத்துக்கு மேல், அதாவது 450 பவுணுக்கு மேல் போகும் என்றால் சட்டப்படியே மறுக்கலாம். தனி நோயாளியின் விவரமும் தரமாட்டார்கள். ‘அப்படிக் கணக்கு வைப்பதில்லை’ என்று பதில் வந்தால் அதுவும் பயனுள்ள பதில்தான், ஏன் வைப்பதில்லை என்று அடுத்த கடிதத்தில் கேட்கலாம்.

அந்தப் பதிலோடு எம்பியிடம் போங்கள். எம்பிமார் தங்கள் தொகுதியில் வாழ்பவர்களுக்குத்தான் பேசுவார்கள், ஆகையால் முழு முகவரியும் தபால் குறியீடும் கடிதத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம், ஒரு கோரிக்கை, ஒரு எண். ‘பார்க்கின்சன் சேவையை மேம்படுத்துங்கள்’ என்று எழுதினால் ‘கவலையைப் பகிர்ந்துகொள்கிறேன்’ என்ற பதிலோடு முடிந்துவிடும். ‘காலியாக இருக்கும் இரண்டாவது நேர்ஸ் பதவிக்கு எப்போது ஆள் எடுப்பார்கள் என்று டிரஸ்டிடம் கேளுங்கள்’ என்று எழுதுங்கள். இந்த நோயை 1817இல் முதலில் எழுதிவைத்த ஜேம்ஸ் பார்க்கின்சன் கிழக்கு லண்டன் ஹொக்ஸ்டனில் வாழ்ந்த டொக்டர். நாடாளுமன்றச் சீர்திருத்தம் கேட்டுப் புனைபெயரில் துண்டுப்பிரசுரம் எழுதியவரும் அவர்தான். டொக்டருக்கே மருந்தோடு மனுவும் தேவைப்பட்டிருக்கிறது.

கேட்க வேண்டிய பெரிய கோரிக்கை ஒன்று உண்டு. இங்கிலாந்தில் நாட்பட்ட நோய்களுக்கு மருந்துச் சீட்டுக் கட்டண விலக்குத் தரும் பட்டியல் 1968இல் எழுதப்பட்டது. மருந்து எடுக்கும் நீரிழிவும் வலிப்பும் அதில் உண்டு, 2009இல் புற்றுநோய் சேர்ந்தது, பார்க்கின்சன் இன்றுவரை இல்லை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் எல்லோருக்கும் இலவசம். இங்கிலாந்தில் 60 வயதுக்குக் கீழே இந்த நோய் வந்தவர், வேறு விலக்கு இல்லாவிட்டால், 60 வயது ஆகும்வரை மருந்துக்குக் காசு கட்டுகிறார். பட்டியல் மாறும்வரை செய்யக்கூடியது: பிறர் துணையின்றி வெளியே போக முடியாத நிலை என்றால் கட்டண விலக்குக்கான எஃப்பி92ஏ படிவத்தை ஜிபியிடம் கேளுங்கள். இல்லையென்றால் வருச முன்கட்டணச் சான்றிதழ் எடுங்கள்.

நாடாளுமன்ற இணைய மனுவில் கையெழுத்திடக் குடியுரிமை தேவையில்லை, இங்கே வாழ்ந்தால் போதும். 10,000 கையெழுத்துக்கு அரசு பதில் தரும், 100,000 வந்தால் விவாதத்துக்குப் பரிசீலிக்கப்படும். ஆடிப்பூசை, தமிழ்ப் பாடசாலைப் பரிசளிப்பு போன்ற நாட்களில் கைபேசியோடு ஒரு மேசை போட்டால் நிறையப் பேரைச் சேர்க்கலாம்.

வாக்கும் உண்டு. இலங்கை, இந்திய, மலேசியக் கடவுச்சீட்டோடு சட்டப்படி இங்கே வாழ்பவர்கள் பொதுநலவாய நாட்டவர் என்பதால் எம்பி தேர்தல் உட்பட எல்லாவற்றிலும் வாக்களிக்கலாம். பதிந்துகொள்ள வேண்டியதுதான், அந்தக் கடவுச்சீட்டே வாக்குச்சாவடியில் அடையாளமும் ஆகும். வெளியே போக முடியாதவர்கள் தபால் வாக்குக் கேட்கலாம். ஆனால் தபால் வாக்கில் கையெழுத்து முன்பு கொடுத்ததோடு ஒத்துப்போக வேண்டும். இந்த நோயில் கையெழுத்து மாறிக்கொண்டே போவதால், விண்ணப்பிக்கும்போதே கையெழுத்து விலக்கும், அதாவது கையெழுத்து இல்லாமலே தபால் வாக்களிக்கும் அனுமதியும், சேர்த்துக் கேளுங்கள். கேட்காமல் விட்டால் அந்த வாக்கு எண்ணப்படாமல் போகலாம்.