முதலில் அளவு, பிறகு உதிரிபாகம்

மாஸி பெர்குசன் 35 டிராக்டரில் 1959-ஆம் ஆண்டு முதல் பொருத்தப்பட்ட மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் ஏ3.152 டீசல் இன்ஜின், கையில் அதிகப் பணம் இல்லாமல் பழைய இன்ஜினைப் புதுப்பிக்க விரும்புகிறவருக்கு ஏற்றது என்பது என் கருத்து. அதன் அமைப்பு எளிமையானது. உதிரிபாகங்களும் இன்றுவரை கிடைக்கின்றன. என்னிடம் வந்த இன்ஜின் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆக நெடுநேரம் அடம்பிடித்தது, உள்ளே சேரும் ஆவியை வெளிவிடும் பிரீதர் குழாய் வழியாகப் புகையைத் தள்ளியது, ஆயிலையும் குடித்தது.

பிரிப்பதற்கு முன்பே, பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு எப்படியும் அரைக்கப்படாத மூல அளவில்தான் இருக்கும் என்று எண்ணி, அதைத் தாங்கும் வளைந்த தகடுகளான பேரிங் ஷெல்களை ஸ்டாண்டர்ட் அளவில் ஒரு செட் வாங்கி வைத்துவிட்டேன். இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளில் முதலாவதின் மூடியை இறக்கி, பழைய ஷெல்லின் முதுகில் படிந்திருந்த கரியைத் துணியால் துடைத்தபோது, அதில் 020 என்ற எண் பொறிக்கப்பட்டிருந்தது. யாரோ எப்போதோ கிராங்க்கை அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, அதாவது சுமார் அரை மில்லிமீட்டர், அரைத்திருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம். மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்தபோது அளவும் அதையே சொன்னது. ஷெல்களுக்குள் சுழலும் கிராங்க்கின் பகுதிகளான ஜர்னல்கள் வட்டம் குலையாமல் இருந்ததால் மீண்டும் அரைக்க வேண்டிய அவசியம் எழவில்லை. பாலிஷ் செய்து, அதே 020 அளவில் புதிய ஷெல்களைப் போட்டேன். முதலில் வாங்கிய செட் மட்டும் வீணாயிற்று. பேரிங்குக்குப் பணம் கொடுக்கும் முன் சம்ப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று இப்போது கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

பிஸ்டன் உரசி ஓடும் உருளை உறைகளான லைனர்களைப் பொறுத்தவரை, அவற்றின் உள்துளையை, அதாவது போரை, அளக்கும் போர் கேஜ் வாங்க வழியில்லாததால், பிஸ்டனைச் சுற்றி மாட்டும் ரிங்கையே அளவுகோலாகக் கொண்டேன். பிஸ்டனில் மாட்டாத ரிங் ஒன்றைத் தனியாகப் போருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அதைச் சாயாமல் தள்ளி, தேய்மானம் குறைவாக உள்ள அடிப்பகுதியில் ரிங்கின் இரு முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகடுகளால் அளக்க வேண்டும். பிறகு, மேல் ரிங் வந்து நின்று திரும்பும் இடத்தில், தேய்மானம் மிகுந்திருக்கும் அந்தப் பட்டையில், அதே ரிங்கை வைத்து மறுபடியும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால், போரின் விட்டம் மேலே எவ்வளவு கூடியிருக்கிறது என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். நடு சிலிண்டரில் அடியில் 0.40 மி.மீ., மேலே 1.00 மி.மீ. வந்தது, அப்படியானால் தேய்மானம் சுமார் 0.19 மி.மீ. மற்ற இரண்டிலும் அது 0.06-ஐத் தாண்டவில்லை. ஆகவே மூன்றையும் மாற்றாமல், நடுவில் உள்ளதற்கு மட்டும் பட்டறையில் புதிய லைனர் இறக்கி, அதன் உள்துளையைச் சரியான அளவுக்குக் கடைந்து வாங்கினேன். ஏனையவற்றின் பளபளப்பை ஹோன் என்னும் உரசுகல்லால் தேய்த்து எடுத்தேன். பிஸ்டன்களை அளந்ததில் மூன்றுமே மறுபடி போடும் நிலையில் இருந்தன. அவற்றின் ரிங் பள்ளங்களில் இறுகிக் கிடந்த கரியை, உடைந்த பழைய ரிங் துண்டு ஒன்றால் சுரண்டியெடுத்தேன்; அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான கருவி எதையும் நான் கண்டதில்லை.

சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் கோணலாகவில்லை, வால்வுகளைப் பேஸ்ட் தடவிக் கையாலேயே அமர்த்தினேன். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை மட்டும் சோதனைக்கு வெளியே கொடுத்தேன், ஏனெனில் அந்த அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வீட்டில் அதைச் சோதிப்பது ஆபத்து. பழைய கேஸ்கெட்டை மறுபடி போட்டுச் சிக்கனம் பார்ப்பதை நான் ஏற்க மாட்டேன். பெயிண்ட் அடிப்பதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தேன்.

எல்லாம் பூட்டி முடித்த பிறகு, டீசலை அடைக்கும் ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்தபடி, ஆயில் பிரஷர் முள் எழும் வரை இடைவெளி விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினேன். முள் எழுந்த பிறகே கம்பியை விட்டேன். மூன்றாவது சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. பிரீதர் குழாயின் முன் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தேன். முன்பு கையை நனைத்த ஆயில் ஆவி வரவில்லை, இலேசான சூட்டுக் காற்று மட்டுமே பட்டது.