பழுப்பேறிய கீபோர்டு: மருந்துக்கடை பெராக்சைடும் மொட்டைமாடி வெயிலும்

மஞ்சளாகப் பழுத்த இசைக் கீபோர்டை ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுக்க நினைத்தால், கழற்றுவதற்கு முன்னாலேயே பஞ்சால் ஒருமுறை துடைத்துப் பார்த்துவிட வேண்டும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு பழுப்பாக வந்தால் அது வெறும் அழுக்கு. தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் பக்கம் கைமாறி வரும் பழைய கீபோர்டுகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். பஜனை மடத்திலோ சர்ச்சிலோ வருஷக்கணக்காக இருந்தவற்றில் சாம்பிராணி, கற்பூரம், மெழுகுவர்த்திப் புகை எல்லாம் ஒரு பிசுபிசுப்பாகப் படிந்திருக்கும். அதற்குப் பெராக்சைடு வேண்டாம். பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய டூத் பிரஷ் போதும்.

துடைத்தும் போகவில்லை என்றால், ஒரு வெள்ளைக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் கட்டையின் பக்கச் சுவரைப் பாருங்கள். வெளிச்சம் படாத அந்தச் சுவர் இன்னமும் கம்பெனியிலிருந்து வந்த நிறத்தில் இருக்கும். மேல்பரப்பு மஞ்சள், சுவர் இளம் வெள்ளை, விளிம்பில் கோடு கிழித்தாற்போல எல்லை. இதுதான் வெளுக்க வேண்டிய மஞ்சள். அந்தச் சுவரின் நிறத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். பால்வெள்ளையாக்க ஆசைப்பட்டுத்தான் பலரும் கட்டைகளைக் கெடுக்கிறார்கள்.

கட்டைகளும் மேல்மூடியும் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். அக்ரிலோநைட்ரைல், பியூட்டடையீன், ஸ்டைரீன் மூன்றும் சேர்ந்தது. அடி தாங்கும் குணத்தைக் கொடுப்பது பியூட்டடையீன் ரப்பர். முதலில் கெடுவதும் அதுவே. புற ஊதாக் கதிரும் சூடும் பட்டால் ஆக்சிஜனோடு சேர்ந்து மஞ்சள் நிறம் கொண்ட மூலக்கூறுகளாக மாறிவிடும். தீப்பிடிக்காமலிருக்கக் கலக்கிற புரோமின் சேர்மங்களும் சில பிளாஸ்டிக்கில் இதற்குத் துணைபோகும். பெராக்சைடு அந்த நிறத்தை உடைக்கும், அவ்வளவுதான். இற்றுப்போன ரப்பரை அது திரும்பக் கட்டித் தராது. வெளுத்து வந்த கட்டை புதுக் கட்டை மாதிரி தெரிந்தாலும் பலம் பழைய கட்டையின் பலம்தான். ஒரே ஆக்டேவில் (ஏழு வெள்ளையும் ஐந்து கறுப்பும் சேர்ந்த ஒரு தொகுதி) ஒரு கட்டை நன்றாகப் பழுத்தும் பக்கத்துக் கட்டை வெள்ளையாகவும் இருப்பதைப் பார்க்கலாம். வெயில் இரண்டிலும் ஒன்றாகத்தான் பட்டது, பிளாஸ்டிக் கலவைதான் வேறு.

2008 வாக்கில் பழைய கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் ரெட்ரோபிரைட் என்ற பெயரில் பரப்பிய முறைதான் இங்கே செய்வதும். அவர்கள் பெராக்சைடைக் கெட்டியான கூழாக்கித் தடவினார்கள். நம்மூர் வெயிலுக்கு அது ஒத்துவராது. காரணம் கீழே வருகிறது.

கழற்றும்போது ஒவ்வொரு அடுக்குக்கும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடிமூடி ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. குட்டி ஸ்க்ரூ இருந்த குழியில் நீள ஸ்க்ரூவைப் போட்டு முறுக்கினால் மேல்மூடியில் மொட்டு முளைக்கும், சில நேரம் ஓட்டையே விழும். அட்டையில் கீபோர்டின் அடிப்பாகத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கே இருந்ததோ அங்கேயே குத்தி வைப்பது நல்ல பழக்கம். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி மாதிரி கடலோரத்தில் கிடந்தவற்றில் ஸ்க்ரூ துருவேறி பிளாஸ்டிக் தூணோடு ஒட்டியிருக்கும். பலமாகத் திருகினால் தூண் பிளக்கும். சால்டரிங் அயர்ன் முனையைச் சில நொடி ஸ்க்ரூ தலையில் வைத்து லேசாகச் சூடேற்றிவிட்டுத் திருகினால் விட்டுக்கொடுக்கும்.

61 கட்டை கீபோர்டில் 36 வெள்ளை, 25 கறுப்பு. விலை குறைந்த மாடல்களில் வெள்ளைக் கட்டைகள் தனித்தனியாக வராது. ஒவ்வொரு ஆக்டேவிலும் ஸி, இ, ஜி, பி ஸ்வரக் கட்டைகள் ஒரு சீப்பாகவும் டி, எஃப், ஏ இன்னொரு சீப்பாகவும் பின்பக்கம் ஒட்டிப் பிறந்திருக்கும். கறுப்பு ஐந்தும் ஒரு சீப்பு. தனிக் கட்டையாக உள்ளவற்றில் ஸ்ப்ரிங்கை முதலில் எடுத்துவிடுங்கள். கட்டையின் உட்புறத்தில் ஸ்வர எழுத்து அச்சாகியிருந்தால் திரும்பப் பொருத்தும் வேலை சுலபம். மேல் கோடியில் வருகிற கடைசி ஸி மட்டும் வெட்டு இல்லாத முழுக் கட்டை, அதைத் தனியே வையுங்கள்.

பெராக்சைடுக் கரைசலில் போகக்கூடாதவை: கறுப்புக் கட்டைகள், ரப்பர் பட்டன், டிஸ்ப்ளே கண்ணாடி, ஸ்டிக்கர், உலோகம் எதுவும். உலோகம் பெராக்சைடை வேகமாகச் சிதைக்கும், அதுவும் துருப்பிடிக்கும். கறுப்பும் அடர்சாம்பலும் வெண்திட்டு போடும். பெயின்ட் அடித்த மூடியாக இருந்தால் மஞ்சள் பெயின்டில் இருக்கிறது, பெராக்சைடால் ஒன்றும் ஆகாது. கட்டையின் உள்ளே எடைக்காக இரும்புத் துண்டு ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ரோலண்ட் டி-70, ஜேடி-800 போன்ற சிலவற்றில் அந்த எடையை ஒட்டிய சிவப்புப் பசை காலப்போக்கில் இளகி ஒழுகும் என்பது ஊரறிந்த விஷயம். அப்படிப்பட்ட கட்டையைச் சூட்டில் போட்டால் பசை முழுக்க இறங்கிவிடும்.

கரைசலுக்கு வருவோம். மருந்துக்கடையில் 20 வால்யூம் என்று கிடைப்பது 6 சதவீதம். அதை அப்படியே ஊற்றலாம், கட்டைகளுக்கு அந்த பலமே போதும். அளவு நிறைய வேண்டும் என்றால் ஆய்வகப் பொருள் கடையில் 30 சதவீதம் கிடைக்கும். 40 சென்டிமீட்டர் நீளம், 25 அகலமுள்ள தட்டில் 4 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 4 லிட்டர் பிடிக்கும். அதற்கு 30 சதவீத பெராக்சைடு 800 மில்லி, தண்ணீர் 3,200 மில்லி. தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் பெராக்சைடைச் சேர்க்க வேண்டும். நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். 30 சதவீதம் தோலில் பட்டால் அந்த இடம் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்து எரியும். உடனே நிறைய தண்ணீரில் கழுவுங்கள்.

போர் தண்ணீர் வேண்டாம். டெல்டாவில் பல இடங்களில் குடத்தில் செம்பழுப்பாகப் படிகிற இரும்புச்சத்துத் தண்ணீர்தான் வருகிறது. இரும்பு பெராக்சைடைச் சீக்கிரமே உடைத்துவிடும். கரைசல் நுரைத்துத் தள்ளிவிட்டு ஒரு மணி நேரத்தில் வெறும் தண்ணீராக நிற்கும், போதாக்குறைக்குக் கட்டையில் துருச்சாயமும் ஏறும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் சிறந்தது. கேன் தண்ணீரும் பரவாயில்லை.

பியூட்டி பார்லரில் முடிச்சாயத்துக்கு வைத்திருக்கும் 40 வால்யூம் கிரீம், அதாவது 12 சதவீதம், தடவி பிளாஸ்டிக் தாள் சுற்றி வெயிலில் வைக்கும் முறையும் உண்டு. தட்டில் அடங்காத பெரிய மேல்மூடிக்கு வேறு வழியில்லை. ஆனால் சித்திரை வெயிலில் கிரீம் பத்து இருபது நிமிடத்தில் ஓரங்களில் காய ஆரம்பிக்கும். காய்ந்த இடம் ஒரு நிறம், ஈரமான இடம் ஒரு நிறம், தாள் சுருக்கம் விழுந்த இடத்தில் கோடு. சலவைக்கல் மாதிரி வரிவரியாக நிற்கிற அந்தத் திட்டு, மஞ்சளைவிட அசிங்கம். மூடிக்குச் செய்வதானால் காலை எட்டு மணி வெயிலில் தொடங்கி, அரை மணிக்கு ஒருமுறை தாளை எடுத்து, பிரஷால் கிரீமைப் பரப்பிப் புதுசும் சேர்த்து, பதினொன்றுக்குள் கழுவி எடுத்துவிடுங்கள். மிச்சம் மறுநாள். அச்செழுத்துகளின்மேல் மெல்லியதாக வாஸ்லின் பூசிவிட்டுக் கிரீம் தடவினால் எழுத்து ஓரளவு தப்பும்.

கட்டைகளுக்கு முக்குவதுதான் சரி. சோப்பு போட்டுக் கழுவி, பழைய கிரீஸை முழுக்க எடுத்த பிறகே தட்டில் இறக்குங்கள். எண்ணெய்க் கைரேகை இருந்த இடம் கைரேகையாகவே மஞ்சளாக நிற்கும். ஏபிஎஸ் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம், லிட்டருக்குச் சுமார் 1.05 கிலோ. பெராக்சைடு வேலை செய்யும்போது எழும் ஆக்சிஜன் குமிழிகள் கட்டையில் ஒட்டிக்கொண்டு அதை மிதக்க வைத்துவிடும். மேலே எட்டிப்பார்த்த பாகம் காய்ந்து திட்டாகும். மணல் நிரப்பிய கண்ணாடி பாட்டிலைக் கட்டையின் பின்பக்க வால்பகுதியில் படுக்க வைத்தால் அமுங்கி நிற்கும். வாசிக்கிற பரப்பு வானத்தைப் பார்த்திருக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை தட்டை லேசாகத் தட்டிக் குமிழிகளைக் கலைத்து, கட்டைகளை இடம் மாற்றுங்கள். குமிழி நின்ற இடம் பொட்டுப்பொட்டாகத் தெரிவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கிற கோளாறு. அதற்குத் தட்டிக் கலைப்பதைத் தவிர வைத்தியம் இல்லை.

தட்டை நேராக மொட்டைமாடித் தளத்தில் வைக்காமல் மரப்பலகைமேல் வையுங்கள். கத்திரி வெயிலில் தளத்தின் சூடும் சேர்ந்தால் கரைசல் கொதிப்பாகும், மெல்லிய சீப்புக் கட்டை வளையவும் கூடும். கரைசல் 60 டிகிரியைத் தாண்ட வேண்டாம். நல்ல வெயிலில் மிதமான மஞ்சளுக்கு நாலிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். கடும் பழுப்பு என்றால் மறுநாள் புதுக் கரைசலில் தொடருங்கள். ஈரத்தில் நிறம் ஏமாற்றும். ஒரு கட்டையை எடுத்துக் கழுவித் துடைத்து நிழலில் பக்கச் சுவரோடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். சீக்கிரம் தெளிந்த கட்டையைச் சீக்கிரமே எடுத்துவிடுங்கள், பழுத்தது மட்டும் தட்டில் கிடக்கட்டும். 36 கட்டையும் லேசான கிரீம் நிறத்தில் ஒன்றுபோல இருந்தால் கண்ணுக்கு உறுத்தாது. முப்பது வெள்ளையும் ஆறு மஞ்சளுமாக இருந்தால் நடு ஹாலில் வைக்க முடியாது.

ஐப்பசி, கார்த்திகையில் வெயிலை நம்ப முடியாது. சூடு மட்டும் இருந்தாலும் வேலை நடக்கும். நாகை மீன் மார்க்கெட்டில் ஐஸ் போட்டு வரும் தெர்மோகோல் பெட்டி ஒன்றை நன்றாகக் கழுவி, அதில் வெந்நீர் ஊற்றி, கரைசல் தட்டை அதற்குள் இறக்கி, லேசாக இடைவெளி விட்டு மூடிவிடுங்கள். வெளித்தண்ணீரை 60 டிகிரி பக்கத்தில் வைத்தால், ஆறவும் மாற்றவும் என்று ஒரு பகல் முழுக்கப் போகும். வெந்நீர் ராடை எக்காரணம் கொண்டும் கரைசலில் போடாதீர்கள். மூடி லேசாகத் திறந்தே இருக்க வேண்டும். வாயு சேர்ந்துகொண்டே இருக்கும். மீந்த கரைசலை இறுக மூடிய பாட்டிலில் அடைத்து வைப்பதும் இதே காரணத்தால் ஆபத்து. நிறைய தண்ணீர் கலந்து சாக்கடையில் விட்டுவிடலாம், மீன் இருக்கிற குளம் வாய்க்காலில் வேண்டாம்.

உடைந்த ஸ்க்ரூ தூணை ஒட்ட, ஏபிஎஸ் தூளை அசிட்டோனில் கரைத்த பசை அருமையாக உதவும். ஆனால் அசிட்டோனும் பெராக்சைடும் சேர்ந்தால் வெடிக்கும் பொருள் உண்டாகும். ஒட்டுவேலை எல்லாம் கட்டை, மூடி யாவும் கழுவிக் காய்ந்து, பெராக்சைடு அந்த அறையிலேயே இல்லை என்றான பிறகுதான். தின்னரும் இங்கே வரக்கூடாது, அது ஏபிஎஸ்ஸையே கரைக்கும்.

கழுவிய கட்டைகளை ஃபேன் காற்றில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். உட்குழியில் தங்கிய ஒரு சொட்டு போதும், ஸ்ப்ரிங் துருப்பிடிக்க. உரசும் இடங்களில் சிலிகான் கிரீஸ் மட்டும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் போட்டு வந்த கீபோர்டுகள் நிறையவே உண்டு. எண்ணெய் தூசியோடு சேர்ந்து பசையாகும், அழுத்தம் உள்ள இடத்தில் ஏபிஎஸ் நூல்நூலாக விரிசல் விடவும் அது காரணமாகும்.

ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது முதலில் இடப்பக்கம் சுற்றுங்கள். பழைய மரையில் டக்கென்று விழும், அதன்பிறகு வலப்பக்கம் முறுக்குங்கள். நேராக முறுக்கினால் புது மரை வெட்டும், இற்ற தூண் தாங்காது.

வெளுத்த நிறம் நிலைக்குமா என்று கேட்டால், மஞ்சள் மெல்லத் திரும்பும். ஜன்னலோரம் வைத்தால் வேகமாக, கெட்டியான துணி போர்த்தி நிழலில் வைத்தால் மெதுவாக. கட்டைக்கு வார்னிஷ் அடித்துத் தடுக்கலாம் என்பவர்கள் அதில் விரல் வைத்து வாசித்துப் பார்த்ததில்லை.

மூடியதும் அடாப்டரைச் செருகும் முன் கீபோர்டின் பின்னால் அச்சிட்ட வட்டக் குறியைப் பாருங்கள். பழைய கேசியோவுக்கான ஏடி-5 அடாப்டர் 9 வோல்ட், நடுமுனை மைனஸ். யமஹாவின் பிஏ-130 12 வோல்ட், நடுமுனை பிளஸ். மாற்றிச் செருகினால் உழைப்பெல்லாம் புகையாகும். ஒலி வந்ததும் ஒவ்வொரு கட்டையையும் மெல்ல ஒருமுறை, ஓங்கி ஒருமுறை தட்டிப் பாருங்கள். வேகம் உணரும் கட்டைக்கு அடியில் இரண்டு தொடுமுனை உண்டு. மெல்லத் தொட்டாலும் ஒரு கட்டை அலறினால், அல்லது ஊமையாக இருந்தால், அந்தத் தொடுமுனைகள் உள்ள ரப்பர் பட்டை சரியாக உட்காரவில்லை, இல்லை அது தொடுகிற சர்க்யூட் போர்டின் கார்பன் தடத்தில் ஈரமோ தூசியோ இருக்கிறது. திரும்பத் திறந்து, பட்டையின் குமிழ்களை மழுங்கிய பல்குச்சியால் துளைக்குள் அழுத்தி, தடத்தை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அழுத்தாமல் துடைத்துவிட்டு மூடுங்கள்.