எட்டுக் கால் இருந்தால் 99

இன்வாய்ஸில் ஒரே வரி: "வரோவா பட்டைகள், தேனீப் பெட்டிக்கு." மாதக் கடைசி. மேசையில் இன்னும் ஒன்பது ஃபைல் கிடக்கிறது. தேனீ, பெட்டி, எதையோ கொல்வது. கை தானாக 3808.91 என்று அடித்துவிட்டது. பூச்சிக்கொல்லி. அடுத்த ஃபைலை எடுத்தேன்.

கஸ்டம்ஸ் ஏஜென்சியில் 11 வருஷமாக என் வேலை இதுதான், வரும் சரக்குக்கு எச்.எஸ். கோட், அதாவது வரிக்காகச் சரக்கை வகைப்படுத்தும் எண், போடுவது. பழகப் பழக வேகம் வரும். வேகம் வந்ததும் இப்படித்தான் வாங்கிக் கட்டிக்கொள்ள நேரும்.

தாக்கல் செய்வதற்கு முன் விவரங்களை இறக்குமதியாளருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குவோம். பெரும்பாலானவர்கள் தொகையை மட்டும் பார்த்துவிட்டு "ஓகே" என்று அனுப்புவார்கள். இவர் மறுநாள் காலையிலேயே ஃபோன் செய்தார். அறுபதைத் தாண்டிய தேனீக்காரர்.

"ஏம்மா, வரோவாங்கிறது தேனீமேல ஒட்டுற உண்ணி. உண்ணிக்கு எத்தனை கால்?"

"தெரியலீங்கய்யா."

"எட்டு. பூச்சிக்கு?"

"ஆறு."

"அப்புறம் எதுக்கும்மா இன்செக்டிசைடுன்னு போட்டிருக்க? இது பூச்சியக் கொல்ற மருந்தா இருந்தா, முதல்ல என் தேனீல்ல செத்து விழும்?"

பதில் இல்லை என்னிடம். டாரிஃப் புத்தகத்தை எடுத்துவைத்து உட்கார்ந்தேன்.

கோடின் முதல் நான்கு இலக்கம் ஹெடிங், அடுத்த இரண்டு சப்ஹெடிங். ஹெடிங் 3808-இல் பூச்சிக்கொல்லி, எலிக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லி, களைக்கொல்லி, கிருமிநாசினி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கின்றன. உள்ளே போனால் தனித்தனி அறை. 91 பூச்சிக்கு, 92 பூஞ்சாணத்துக்கு, 93 களைக்கு, 94 கிருமிநாசினிக்கு. இதில் எதிலும் சேராதது 99. எலி அங்கேதான், நத்தை அங்கேதான், உண்ணியும் அங்கேதான். உண்ணி சிலந்தி வகையறா, பூச்சி இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்தது, வேலைக்கு வந்த பிறகு ஒரு நாளும் தேவைப்பட்டதில்லை. ஹெடிங்கைச் சரியாகப் பிடித்துவிட்டோம் என்ற நிம்மதியில் சப்ஹெடிங்கில் கோட்டை விடுவது எங்கள் தொழிலில் சகஜம். எச்.எஸ்.ஸின் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்று. அதற்குப் பின்னால் வரும் இலக்கங்களையும் வரியையும் அந்தந்த நாடு வைத்துக்கொள்கிறது. 91-க்கும் 99-க்கும் நடுவே வரி மாறலாம், கேட்கும் லைசென்ஸ் மாறலாம். ஆக, கால் எத்தனை என்பது சும்மா கேட்ட கேள்வி இல்லை.

திருத்திவிட்டு அவரையே கூப்பிட்டேன். "ஐயா, ஒரு பட்டை சாம்பிளுக்குக் கொண்டு வர முடியுமா? கண்ணால பார்க்கணும்." எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்: பொருளைத் தொட்டுப் பார்க்காமல் கோட் போடாதே. அதை நான் மதித்ததைவிட மீறியதுதான் அதிகம்.

போன வருஷத்து மிச்சம் ஒரு பட்டையைக் கொண்டுவந்தார். விரலைவிட நன்றாகவே நீளம், வெளிர்ந்த பிளாஸ்டிக். ஒரு முனையில் நாக்கு மாதிரி வெட்டியிருக்கிறது, அதை மடக்கித் தேனடையில் மாட்டிக்கொள்ளலாம். ஒரு பட்டையில் 500 மில்லிகிராம் அமிட்ராஸ். அந்த மருந்து பிளாஸ்டிக்குக்கு உள்ளேயே ஊறிக் கிடக்கிறது, மெல்ல மெல்ல மேல்பரப்புக்குக் கசிகிறது. தேனீ அதன்மேல் நடக்கும்போது உடம்பில் ஒட்டும், பிறகு கூட்டத்தில் ஒன்றோடொன்று உரசி எல்லாவற்றுக்கும் பரவும். தேனீ தாங்கும், உண்ணி தாங்காது. பட்டையைத் தொட்டுவிட்டுக் கையைக் கழுவச் சொன்னார், கழுவினேன்.

"இத ஒரு நாள் வச்சா போதாதாய்யா?"

"போதாதும்மா. பாதி உண்ணி கதவ அடைச்சிக்கிட்டு உள்ள இருக்கே."

அவர் சொன்னதைப் பிறகு நானும் தேடிப் படித்தேன். வரோவா தாய் உண்ணி, தேனீப் புழு இருக்கும் அறை மெழுகால் மூடப்படுவதற்குச் சற்று முன் உள்ளே புகுந்துகொள்ளும். மூடியபின் முதலில் ஒரு முட்டை, அது ஆண். அடுத்தடுத்த முட்டைகள் பெண். அந்த அறைக்குள்ளேயே அண்ணனும் தங்கைகளும் இணைசேர்ந்து, இளம் தேனீ வெளியே வரும்போது அதன் உடம்பில் ஒட்டிக்கொண்டு பெண் உண்ணிகளும் வந்துவிடும். வேலைக்காரத் தேனீயின் அறை ஏறத்தாழ 12 நாள் மூடியிருக்கும், ஆண் தேனீயின் அறை அதைவிடக் கூடுதல் நாள். அதனால்தான் உண்ணிக்கு ஆண் தேனீ அறை என்றால் கொள்ளை ஆசை. மூடிய அறைக்குள் பட்டையின் மருந்து போகாது. எனவே அடுத்தடுத்த தலைமுறை வெளியே வரும்வரை, ஆறு வாரத்துக்கும் மேலாக, பட்டை தொங்கிக்கொண்டே இருக்கவேண்டும்.

வரோவாவின் பழைய வீடு ஆசியத் தேனீ. அங்கே இரண்டுக்கும் ஒரு மாதிரி ஒத்துப்போய்விட்டது. ஐரோப்பியத் தேனீக்குத் தாவியபோதுதான் அழிவு தொடங்கியது. அந்த அழிவுக்காரனுக்கு ரொம்ப காலம் பெயரே தவறாகத்தான் இருந்தது. 1904-இல் ஜாவாவில் கண்டு விவரித்த வரோவா ஜேக்கப்சோனி என்றே நினைத்திருந்தார்கள். அது வேறு இனம், இது வேறு என்று பிரித்து வரோவா டிஸ்ட்ரக்டர் என்று பெயர் வைத்தது 2000-இல். விஞ்ஞானிகளே அவ்வளவு காலம் தப்பான சப்ஹெடிங்கில் வைத்திருந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

99 என்று மாற்றித் தாக்கல் செய்தேன். கஸ்டம்ஸ் அதிகாரியிடமிருந்து வந்தது கேள்வி, நான் நினைத்த பக்கத்திலிருந்து இல்லை. "பெட்டிமேல் கால்நடை மருந்து என்று அச்சிட்டிருக்கிறதே, ஏன் 3004 இல்லை?"

நியாயமான கேள்வி. 3004 என்பது நோய் தீர்க்கவோ தடுக்கவோ அளவிட்ட டோஸாகவோ சில்லறை விற்பனைக்கான பேக்கிலோ வரும் மருந்து. மனிதனுக்கு என்று மட்டும் அதில் இல்லை. சேப்டர் 38-இன் முதல் நோட்டோ, 3003-லும் 3004-லும் சேரும் மருந்துகளை வெளியே தள்ளுகிறது. ஆக முதலில் தீர்க்கவேண்டியது இது மருந்தா என்பதைத்தான். இல்லை என்றால்தான் 3808-க்குள் வரமுடியும்.

இதே பட்டை ஐரோப்பிய ஒன்றியத்தில் கால்நடை மருந்தாக அனுமதி பெற்றது. அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் கொல்லி மருந்தாகப் பதிவாகியிருக்கிறது. பட்டை ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று. லேபிளை வைத்து முடிவெடுத்தால் அட்லாண்டிக்கின் இந்தக் கரையில் மருந்து, அந்தக் கரையில் விஷம் என்று ஆகும். எச்.எஸ். அப்படி வேலை செய்வதில்லை. விளக்க விதிகளில் முதல் விதியே, ஹெடிங்கின் சொற்களையும் நோட்டுகளையும் பார் என்பதுதான். எந்த இலாகா லைசென்ஸ் கொடுத்தது என்பது ஒரு தடயம், தீர்ப்பு இல்லை.

என் பதிலில் எழுதியது இது. பட்டை தேனீயின் உடம்புக்குள் ஒன்றையும் குணப்படுத்தவில்லை. உண்ணி கடித்த புண்ணை ஆற்றாது, உண்ணி பரப்பும் சிறகு முடக்கும் வைரஸைத் தொடாது. தேனீக்கு வெளியே ஒட்டியிருக்கும் ஓர் உயிரைக் கொல்கிறது, அவ்வளவே. ஹெடிங் 3808 தன் வாசகத்திலேயே கந்தகப் பட்டை, ஈ பிடிக்கும் தாள் என்று உதாரணம் சொல்கிறது. நம் பட்டை அந்தக் குடும்பத்துப் பிள்ளை. இதுவே புழு அழுகல் நோய்க்குக் கொடுக்கும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் பொடியாக இருந்து, டோஸாகப் பிரித்துப் பேக் செய்து வந்திருந்தால், நானே 3004 என்று போட்டிருப்பேன். அங்கே பாக்டீரியா புழுவின் குடலுக்குள் இருக்கிறது, மருந்தும் உள்ளே போகிறது.

எழுதிவிட்டேனே தவிர, இது கல்லில் செதுக்கியது இல்லை. ஒட்டுண்ணித் தொற்றே ஒரு நோய்தானே, அதைத் தடுப்பது சிகிச்சைதானே என்று எதிர்த்தரப்பு வாதிட்டால் அதை அபத்தம் என்று தள்ள எனக்கு மனம் வராது. அதனால் அடுத்த சரக்குக்கு முன் அட்வான்ஸ் ரூலிங், அதாவது எந்தக் கோட் என்று முன்கூட்டியே தரும் தீர்ப்பு, கேட்டு விண்ணப்பிக்கும்படி தேனீக்காரரிடம் சொன்னேன். இந்தத் தடவை அதிகாரி பதிலை ஏற்று விடுவித்தார்.

இன்னொன்றும் பார்க்கவேண்டியிருந்தது. 91, 99 என்று போவதற்கு முன்பே 3808-இல் 52, 59 என்று இரண்டு வாசல் உண்டு, அபாயப் பட்டியலில் இருக்கும் ரசாயனங்களுக்கு. அந்தப் பட்டியலில் குளோரோபென்சிலேட் இருக்கிறது. அது ஒரு காலத்தில் தேனீப் பெட்டிக்குள் உண்ணிக்குப் புகை போடப் பயன்பட்டதேதான். அமிட்ராஸின் நெருங்கிய சொந்தமான குளோர்டைமெஃபார்மும் அங்கே இருக்கிறது. அமிட்ராஸ் இல்லை. பட்டியலை மூன்று முறை படித்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

அதோடு விட்டாரா தேனீக்காரர்? "அடுத்த தடவை ஆக்ஸாலிக் ஆசிட் எறக்கலாம்னு இருக்கேன்மா. அதுவும் இதுக்குத்தான். அதே 99-தான?"

இல்லை என்பதில்தான் இந்தத் தொழிலின் ருசியே இருக்கிறது. 25 கிலோ மூட்டையில், வெறும் ஆக்ஸாலிக் ஆசிட் என்ற பெயரோடு வந்தால் அது 2917.11, தனி ரசாயனம். துரு எடுக்கவும் மரத்தை வெளுக்கவும் அதே மூட்டைதான். அதே ஆசிடைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து, "வரோவாவுக்கு, ஒரு பெட்டிக்கு இவ்வளவு" என்று அச்சிட்டு விற்பனைக்குத் தயாராக அனுப்பினால் 3808-க்கு வந்துவிடும். வேதியியல் மாறவில்லை, பை மாறியது. உண்ணிக்கு வைக்கும் இன்னொரு ரசாயனமான தைமால் படிகமும் அப்படியே: மொத்தமாக வந்தால் 2907.19, ஜெல்லாகக் குழைத்துத் தட்டில் வந்தால் 3808. இதை அவருக்குச் சொன்னபோது ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "பையப் பார்த்தா கோட் போடுறீங்க?" என்றார். ஆமாம் என்றேன்.

ஆறு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பெட்டிக்கு அடியில் வைக்கும் வெள்ளைத் தட்டு, அதன்மேல் செம்பழுப்பில் நண்டு மாதிரி அகலம் கூடிய சின்னச் சின்னப் புள்ளிகள். ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். பெரிதாக்கிப் பார்த்தேன், கால்களை எண்ண முடியவில்லை.

கீழே எழுதியிருந்தார்: "இத ஏத்துமதி பண்ணா என்ன கோட்?"

செத்த உயிரினம், சாப்பிட லாயக்கில்லாதது. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "0511.99, ஐயா" என்று பதில் போட்டேன். "அதுலயும் 99-தானா" என்று திருப்பி அனுப்பினார்.